தங்கை மகனுக்காக வீட்டை அடகு வைக்கலாமா?

கேள்வி: நான் மதுரைப் பெண். கணவர் கிரேக்க வம்சாவளி அமெரிக்கர். என் மாமனாருக்கு 81 வயது. கிரேக்கத்தின் கியோஸ் தீவிலிருந்து கப்பலில் வேலைக்குச் சேர்ந்து, 1968-ல் அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டவர். ஸ்பாரோஸ் பாயிண்ட் உருக்காலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். மாமியார் இல்லை. கிரேக்கர்கள் வாழும் கிரீக்டவுன் பகுதியில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். மாதம் சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்) 1,900 டாலர், ஆலை ஓய்வூதியம் 620 டாலர் வருகிறது. அதில் மாதம் 700 டாலரை ஐந்து ஆண்டுகளாக ஊரில் இருக்கும் தங்கை மகனுக்கு அனுப்புகிறார். அனுப்பிய ரசீதுகளைப் புனித நிக்கோலாஸ் படத்துக்குப் பின்னால் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறார். கிரெடிட் கார்டில் 11,000 டாலர் கடன், 24 சதவீத வட்டி. கியோஸில் பிர்கி கிராமத்துப் பூர்விக வீட்டைச் சுற்றுலா விடுதியாக மாற்ற இப்போது 60,000 டாலர் கேட்கிறார்கள். ரிவர்ஸ் மார்ட்கேஜ் (சொந்த வீட்டின் மேல் முதியவர்கள் வாங்கும், மாதத் தவணை இல்லாத கடன்) எடுத்துத் தருவேன் என்கிறார் மாமா. எடுக்கலாமா?

பதில்: சகோதரி, கடன் எப்படிப்பட்டது என்பதை அப்புறம் பார்ப்போம். அந்த ரசீதுக் கட்டுதான் நோய். 60,000 என்பது அதே நோயின் அடுத்த கட்டம்.

உங்கள் மாமாவின் தலைமுறைக்கு இது புதிய பழக்கம் அல்ல. அந்தக் காலத்தில் கடல் தாண்டிய கிரேக்க இளைஞர்கள் பலர் முதலில் அனுப்பிய பணமே தங்கைகளின் சீதனத்துக்குத்தான். கிரேக்கச் சட்டம் 1983-ல் சீதனத்தை ஒழித்தது. உங்கள் மாமா ஒழிக்கவில்லை. தங்கைக்குப் பிறகு தங்கை மகன். தாய்மாமன் சீர் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

கணக்கைத் தோராயமாகப் போடுகிறேன். வரவு 2,520. ஊருக்கு 700 போனால் 1,820. கார்டுக்கு மாதம் 230 கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் 220 வெறும் வட்டி. மீதி 1,590. பால்டிமோர் நகரின் சொத்து வரி மாநில வரியோடு சேர்த்து மதிப்பீட்டில் ஏறத்தாழ 2.36 சதவீதம். 1,80,000 டாலர் வீடு என்றால் மாதம் 350. கையில் நிற்பது 1,240. மின்சாரம், எரிவாயு, வீட்டுக் காப்பீடு, மருந்து, சாப்பாடு எல்லாம் அதற்குள். ஆக, ஊருக்குப் போகும் 700 டாலரைக் கொடுப்பது மாமா அல்ல, கிரெடிட் கார்டு நிறுவனம். 24 சதவீதத்துக்கு.

அந்த 620 டாலரும் உயராது. அந்த ஆலையை நடத்திய பெத்லஹேம் ஸ்டீல் 2001-ல் திவாலானதும், அடுத்த ஆண்டு அமெரிக்க மத்திய அரசின் ஓய்வூதியக் காப்புறுதிக் கழகம் பொறுப்பேற்றது. அது தரும் தொகை விலைவாசியோடு சேர்ந்து ஏறுவதில்லை.

இனி நான் உண்மையில் பயப்படும் விஷயம். மாமாவை நாளை நர்சிங் ஹோமில் சேர்க்க நேர்ந்தால், கையிருப்பு தீர்ந்ததும் மெடிக்கெய்ட் என்ற அரசு மருத்துவ உதவியைத்தான் நாட வேண்டும். அவர்கள் முந்தைய 60 மாதக் கணக்கைப் புரட்டுவார்கள். உறவினருக்குச் சும்மா கொடுத்த பணத்தை நர்சிங் ஹோமின் மாதச் செலவால் வகுத்து, அத்தனை மாதம் உதவியை நிறுத்தி வைப்பார்கள். 700 வீதம் 60 மாதம், 42,000. பால்டிமோர் இருக்கும் மேரிலாந்து மாநிலத்தில் நர்சிங் ஹோம் செலவு மாதம் 10,000 டாலருக்கு மேல். நான்கு மாதம் உதவி கிடையாது. இந்த 60,000-மும் சேர்ந்தால் பத்து மாதம். அந்தப் பத்து மாத பில் கியோஸுக்குப் போகாது. உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

ரிவர்ஸ் மார்ட்கேஜ் விளம்பரங்களில் வயதான நடிகர் சோபாவில் சாய்ந்துகொண்டு, மாதத் தவணையே இல்லை என்று சிரிப்பார். தவணைதான் இல்லை, வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஏழரை சதவீதத்தில் 60,000 பத்து ஆண்டுகளுக்குள் இரட்டிப்பாகிவிடும். தொடக்கத்திலேயே வீட்டு மதிப்பில் 2 சதவீதம் காப்பீட்டுக் கட்டணம் வேறு. சொத்து வரியோ வீட்டுக் காப்பீடோ தவறினால் கடனை உடனே திருப்பச் சொல்லலாம். ஆண்டின் பெரும்பகுதி அந்த வீட்டில்தான் வசிக்க வேண்டும். விடுதி திறந்த பிறகு மாமா கியோஸிலேயே தங்கிவிட நினைத்தால் அதுவும் சிக்கல். கூரை ஒழுகும் வீட்டில் வேறு வழியில்லாத முதியவருக்கு இதை நான் சொல்லியிருக்கிறேன். இன்னொருவர் விடுதி கட்டுவதற்குச் சொல்ல மாட்டேன்.

அந்த விடுதி யார் பெயரில் இருக்கிறது என்று யாராவது கேட்டீர்களா? மாமாவுக்கும் பூர்விக வீட்டில் பங்கு உண்டென்றால், கிரேக்க நிலப் பதிவேட்டில் அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பதியாத பங்கில் பணத்தைக் கொட்டினால் பின்னால் கேட்க முடியாது.

இதை நீங்கள் பேசாதீர்கள். மருமகள் சொன்னால் பணத்தைப் பற்றிய பேச்சு மருமகளைப் பற்றிய பேச்சாகிவிடும். உங்கள் கணவர் பேசட்டும், கிரேக்க மொழியிலேயே, இந்தக் கணக்கைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு. தங்கை மகனுக்கு மறுப்பைச் சொல்ல வேண்டியவர் மாமாதான். ஈஸ்டருக்கும் பெயர்த் திருநாளுக்கும் (தன் பெயர்கொண்ட புனிதரின் நாள்) 100 டாலர் அனுப்பட்டும், அவர் முகமும் வாட வேண்டாம். அந்த 700 கார்டுக்குத் திரும்பினால், 230-உடன் சேர்ந்து 930. பதினான்கு மாதத்தில் கடன் தீர்ந்துவிடும்.

அப்போதும் அவர் பிடிவாதம் பிடித்தால், அரசு காப்புறுதி பெற்ற ரிவர்ஸ் மார்ட்கேஜுக்கு முன்பு கட்டாய ஆலோசனை ஒன்று உண்டு. அதில் மகனும் உடன் உட்கார வேண்டும்.

இன்னொன்று. வருமானம் குறைந்த வீட்டுக்காரர்களுக்கு மேரிலாந்து சொத்து வரிச் சலுகை தருகிறது. ஆண்டுதோறும் விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். மாமாவின் வருமானத்துக்கு ஆண்டில் ஆயிரம் டாலருக்கு மேல் குறைய வாய்ப்பு இருக்கிறது. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அக்டோபர் 1. படிவத்தை நீங்களே நிரப்பிக் கையெழுத்துக்கு நீட்டுங்கள். அந்த வேலையை மருமகள் செய்தால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.