நிற்கிற வீட்டுக்கு ஆள் இல்லையா?

கேள்வி: செட்டிநாட்டில், கானாடுகாத்தானுக்குப் பக்கத்துச் சிற்றூரில் எங்கள் பூர்வீக வீடு. பாட்டையா பர்மாவில் கொண்டுவிற்று (தொழில் செய்து) கட்டியது. முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். 11 பங்கு. ஒன்பது வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. வந்த தரகர் மரத்துக்கு மட்டும் விலை சொல்கிறார். வீட்டை வீடாக வாங்க ஆளே இல்லையா? அண்ணனோ, “கட்டிக்கொடுத்துப் போனவள், உன் கையெழுத்து எதற்கு?” என்கிறார். அப்பச்சி (அப்பா) 1998இல் தவறிவிட்டார்கள்.
– வாசகி, பெங்களூரு

பதில்: ஆச்சி, 31 வருடம் அந்தப் பக்கம் பத்திரம் எழுதியவன் நான். தரகர் பொய் சொல்லவில்லை. பர்மா தேக்குத் தூண், நிலைக்கதவு, உத்திரம் எல்லாம் கழற்றினால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் அன்றைக்கே கேட்க ஆள் உண்டு. கழற்றாமல் நின்றால் அதே தேக்கு செலவு வைக்கிற சாமான். வருடா வருடம் ஓடு மாற்ற வேண்டும், கரையான் பார்க்க வேண்டும்.

ஊரில் இரண்டு கணக்கு இருக்கிறது. நகரத்தார் கோயில் வரி நோட்டில் கல்யாணமான ஒரு ஜோடி ஒரு புள்ளி. அவர்கள் சென்னையில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும் புள்ளி ஊரில்தான். சர்க்காரின் மக்கள்தொகைக் கணக்குக்கு அந்த மரியாதை தெரியாது. ஆள் எங்கே குடியிருக்கிறாரோ அங்கேதான் எண்ணுவார்கள். உங்கள் வீட்டை ஆளில்லாத வீடு என்று எழுதிவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவார்கள். வீட்டு விலை பார்ப்பது இந்த இரண்டாவது கணக்கை.

காரைக்குடிப் பக்கம் மனை விற்கிறதே என்று கேட்பீர்கள். அங்கே அழகப்பா பல்கலைக்கழகம், மின்வேதியியல் ஆய்வகம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் இருக்கின்றன, சம்பளக்காரர்கள் குடிவருகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது இரண்டு படுக்கையறை. மூன்று கட்டு வீட்டைப் பெருக்கவே ஆள் வேண்டும்! உங்கள் வீட்டை முழுசாகக் கேட்கக்கூடியவர்கள் ஹோட்டல்காரர்கள்தான். அவர்களும் கானாடுகாத்தான், ஆத்தங்குடி என்று வெளியூர்க்காரர்கள் தேடி வருகிற ஊராகப் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால், விற்பதைவிட நீண்ட குத்தகை பேசிப் பாருங்கள்.

அப்புறம் கையெழுத்து. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தப்படி பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை. கல்யாணம் ஆனதோ ஆகாததோ பேச்சில்லை. அப்பா 2005க்கு முன்பே தவறியிருந்தாலும் அது உண்டு என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முக்கியமான விலக்கு, 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவுப் பத்திரம் போட்டோ, கோர்ட் மூலமாகவோ பாகம் பிரிந்திருந்தால். பழைய வில்லங்கச் சான்று போட்டு அதைப் பாருங்கள். “எங்களுக்குள் பேசி இரட்டை வீட்டை (உள்ளறைகளை) ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டோம், வளவு (நடுமுற்றப் பகுதி) பொது” என்பதெல்லாம் வாங்குகிறவரின் வக்கீலிடம் செல்லாது. நீங்கள் விட்டுக்கொடுப்பதானால் அதற்கும் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். அண்ணனிடம் சண்டைக்குப் போக வேண்டாம், இதைச் சொல்லுங்கள்: உங்கள் கையெழுத்து இல்லாமல் அவருக்கே விலை குறையும்.

கிரயம் முடிந்தால் 7 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம். வழிகாட்டி மதிப்பா, பேசின தொகையா, எது கூடுதலோ அதன் மேல் போடுவார்கள். கட்டடத்துக்குத் தனி மதிப்பு. வாங்குகிறவர் இதைக் கழித்துத்தான் உங்களிடம் விலை பேசுவார்.

பங்காளிகளில் வெளிநாட்டில் இருக்கிறவர்கள் தூதரகத்தில் சான்று வாங்கி அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியா வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். பலர் இதை மறந்து மறுபடி எழுதி வாங்கியிருக்கிறார்கள். மற்றவர்களைத் தனித்தனியாகத் துரத்தாதீர்கள். அடுத்த படைப்புக்கு (முன்னோருக்குப் படைக்கிற நாளுக்கு) எல்லோரும் வருவார்கள் அல்லவா, சாப்பாடு முடிந்து வெற்றிலை போடுகிற நேரத்தில் பட்டா நகலை எடுத்து நடுவில் வையுங்கள்.