ஷாட் ஷோவில் வரும் ரைஃபிள்களில் அப்படி என்ன புதுசு?

"ஷாட் ஷோ படங்களில் எல்லா ரைஃபிளும் ஒரே மாதிரி இருக்கிறதே, புதுசு எங்கே?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. 1979-இல் தொடங்கிய இந்தத் துப்பாக்கி வர்த்தகக் கண்காட்சி இப்போது ஜனவரிதோறும் லாஸ் வேகஸில் நடக்கிறது. துறையினருக்கு மட்டுமே அனுமதி.

போல்ட்டை, அதாவது குழலின் பின்பக்கத்தை மூடும் உலோகத் தண்டை, கையால் பின்னிழுத்து முன்தள்ளிச் சுடும் அடிப்படை அமைப்பு நூறாண்டுக்கும் மேல் பழையது. மாற்றம் அதைச் சுற்றித்தான். குழலைத் தாங்கும் மரக்கட்டைக்குப் பதில் அலுமினியச் சட்டகம் வருகிறது. ஈரத்தில் மரம் உப்பிக் குழலை அழுத்தினால் குறி நகரும். உலோகத்தில் அந்தத் தொல்லை இல்லை. எனக்கு இதுதான் உண்மையான முன்னேற்றம். பூச்சு, நிறமெல்லாம் அப்புறம்.

குழல் முனையில் மரை வெட்டியிருந்தால், அது சைலன்சர் மாட்டுவதற்கு. பெயரை நம்ப வேண்டாம்: சத்தம் ஏறத்தாழ 20 முதல் 35 டெசிபல் குறையும், அவ்வளவுதான். ஒலியின் வேகத்தை மிஞ்சும் குண்டு காற்றில் எழுப்பும் வெடிப்பொலியை அது தடுக்காது. காதைக் காக்க அது பெரிய உதவி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அரங்கில் வைக்கும் துப்பாக்கிகளில் சுடும் ஊசியைக் கழற்றிவிடுவார்கள். அதனால் கையில் எடுத்து எடை, சமநிலை பார்க்கலாம். துல்லியத்தைச் சுடுதளத்தில்தான் அறிய முடியும்.