நீர்க்கட்டிகளை ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாமா?

கேள்வி: எனக்கு 23 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் பீரியட்ஸ் வருகிறது. உயரம் 155 செ.மீ., எடை 68 கிலோ. தாடையில் முடி வளர்கிறது, பின்கழுத்து கறுத்துவிட்டது. ஸ்கேனில் இரண்டு பக்கமும் நீர்க்கட்டிகள் என்று வந்திருக்கிறது. மாத்திரை போட்டால் பீரியட்ஸ் வருகிறது, விட்டால் நின்றுவிடுகிறது. கட்டிகளை ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாமா? கல்யாணமானால் சரியாகிவிடும் என்கிறார் அத்தை. குழந்தை பிறக்குமா என்று அம்மா பயப்படுகிறார்.

பதில்: வேண்டாம். வெட்டி எடுப்பதற்கு அங்கே கட்டி எதுவும் இல்லை.

ஸ்கேனில் தெரிபவை பாதியில் வளர்ச்சி நின்றுபோன முட்டைப்பைகள். ஒவ்வொன்றும் 2 முதல் 9 மில்லிமீட்டர்தான். மாதாமாதம் இவற்றில் ஒன்று பெரிதாகி முட்டையை வெளியே விட வேண்டும். அது நடக்காததால் எல்லாமே சிறிதாக, பாசிமணி கோத்ததுபோல் ஓரத்தில் நிற்கின்றன. 'நீர்க்கட்டி' என்ற பெயர்தான் பாதிப் பயத்துக்குக் காரணம்.

ஆபரேஷன் யோசனை புதிதல்ல. 1935இல் சிகாகோவில் ஸ்டெயின், லெவென்தால் என்ற இரு மருத்துவர்கள் இந்தப் பிரச்சினையை விவரித்தபோது, சினைப்பையில் ஆப்பு வடிவில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். மாதவிடாய் திரும்பவும் செய்தது. ஆனால் வெட்டிய இடத்தில் தழும்பு ஒட்டிக்கொண்டு, அதுவே கருத்தரிப்புக்குத் தடையாவதும் உண்டு. முட்டையை வெளிவரச் செய்யும் மாத்திரைகள் வந்தபின் அந்த முறை கைவிடப்பட்டது. இப்போது லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவியைச் செலுத்தி, சினைப்பையில் சிறு துளைகள் இடுவது, மாத்திரைக்குப் பலன் இல்லாமல் குழந்தைக்காகக் காத்திருக்கும் சிலருக்கு மட்டும்தான்.

நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது ஸ்கேன் அல்ல, பின்கழுத்து. அது அழுக்கு இல்லை; கடலை மாவு போட்டுத் தேய்த்தால் போகாது. உங்கள் உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படவில்லை என்பதன் அடையாளம் அது. கட்டுப்படாததால் கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. மிகையான இன்சுலின் சினைப்பையைத் தூண்டி, ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. தாடை முடியும் அதனால்தான், முட்டை வெளிவராததும் அதனால்தான்.

சரி, மாத்திரை. முட்டை வெளிவந்த பிறகுதான் உடல் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனைப் போதுமான அளவு சுரக்கும். அது இல்லாவிட்டால் கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும், உதிராது. நீங்கள் போடும் மாத்திரை அந்தப் புரோஜெஸ்டிரானை வெளியிலிருந்து தருகிறது. சினைப்பையைச் சரிசெய்வதில்லை, எனவே விட்டதும் பழைய கதைதான். அதற்காக வீண் என்று தூக்கிப் போடாதீர்கள். வருடக்கணக்கில் உதிராமல் தடிக்கும் உட்சுவரில் புற்றுநோய் அபாயம் கூடுகிறது. தொடர்ந்து 90 நாள் பீரியட்ஸ் இல்லாமல் விடக் கூடாது. முடி வளர்ச்சியும் தொந்தரவு என்றால், 21 நாள் போடும் கூட்டு ஹார்மோன் மாத்திரை இரண்டுக்கும் உதவும். அது பின்னாளில் குழந்தைப்பேற்றைக் கெடுக்காது. ஆனால் ஒற்றைத் தலைவலியோ, ரத்த அழுத்தமோ, குடும்பத்தில் ரத்தக்குழாயில் ரத்த உறைவு வந்தவர்களோ இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடி குறைய ஆறு மாதமாவது ஆகும். இரண்டாம் மாதமே பலனில்லை என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம்.

எடையில் 5 சதவீதம், அதாவது உங்களுக்கு மூன்றரை கிலோ குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகத் தொடங்குகிறது. பட்டினி வேண்டாம், சோற்றை ஒதுக்கவும் வேண்டாம். காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை என்று மூன்று வேளையும் மாவுச்சத்தாகப் போவதுதான் சிக்கல். அளவைக் குறைத்து, முட்டை, சுண்டல், மீன், கீரையால் தட்டை நிரப்புங்கள். உளுந்தங்களி நல்லதுதான், ஆனால் அதில் விழும் கருப்பட்டியும் சர்க்கரைதான். கம்பெனியில் நாளுக்கு நான்கு டீ என்றால் அந்தச் சர்க்கரையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், கணக்கு எழுதுபவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை! வாரம் 150 நிமிடம் வேக நடை, அதோடு இரண்டு நாள் உட்கார்ந்து எழும் பயிற்சி போன்று தசைக்கு வேலை கொடுப்பவை.

அத்தை சொல்வதில் உண்மையில்லை. கல்யாணம் ஹார்மோனை மாற்றாது. அம்மா இந்த அளவுக்குப் பயப்படவும் அவசியமில்லை: இந்தப் பிரச்சினை உள்ள பெரும்பாலான பெண்களுக்குக் குழந்தை பிறக்கிறது, சிலருக்கு எந்த மருந்தும் இல்லாமலே. தேவைப்பட்டால் முதலில் தருவது, முட்டையை வெளிவரச் செய்யும் லெட்ரோசோல் மாத்திரை. கர்ப்ப காலத்தில் சர்க்கரை வரும் வாய்ப்பு கூடுதல் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ரத்தத்தில் தைராய்டு, புரோலாக்டின், டெஸ்டோஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களைப் பார்த்துவிட்டார்களா என்று கேளுங்கள். இதேபோன்ற அறிகுறிகளை வேறு கோளாறுகளும் தரும். சர்க்கரைக்கு வெறும் வயிற்றுப் பரிசோதனை மட்டும் போதாது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் பாருங்கள். சில மாதங்களுக்குள் குரல் கனத்து, முடி வேகமாகப் பெருகினால் காத்திருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள். மற்றபடி, கட்டி கரைந்ததா என்று பார்க்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை. அந்தப் பணத்துக்கு நல்ல வாக்கிங் ஷூ வாங்கலாம்.