ஓர் இரவுத் தூரம்

அன்புள்ள அக்கா,

நான் களுவாஞ்சிகுடி. வயது 27. வந்தாறுமூலையில் வணிக முகாமைத்துவம் படித்துவிட்டு ஒரு நிதி நிறுவனத்தின் மட்டக்களப்புக் கிளையில் வேலை செய்கிறேன். இப்போது பதவி உயர்வோடு இடமாற்றம் வந்திருக்கிறது. கொழும்புத் தலைமையகம், திருகோணமலை, யாழ்ப்பாணம். மூன்றில் ஒன்றை நானே சொல்லலாம். வேண்டாம் என்றால் இருக்கிற கதிரையிலேயே இருக்கலாம். போவது என்று முடிவெடுத்துவிட்டேன். எங்கே என்பதுதான் குழப்பம்.

எக்செல்லில் ஒரு அட்டவணை போட்டேன். வாடகை, சம்பளத்தில் மிச்சம், பாதுகாப்பு, வீட்டிலிருந்து தூரம், தமிழில் சமாளிக்கலாமா, தனிய இருக்கும் பெண்ணை எப்படிப் பார்ப்பார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை புள்ளி. கூட்டினால் திருகோணமலை முதலாவது, அதுவும் தூரம் குறைவு என்பதால். கொழும்பு சற்றுப் பின்னால். யாழ்ப்பாணம் கடைசி. கணக்கு சரி, மனம்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

அப்பா எனக்கென்று வளவில் வீட்டுக்கு அத்திவாரம் போட்டுவிட்டார். “வீட்டக் கட்டிப்போட்டு யாருக்குகா பூட்டி வைக்கிற?” என்கிறார் அம்மா. கொழும்பு என்ற பேச்சை எடுத்தால் அழுகை. கலியாணம் கட்டியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது என்பது மாமிமாரின் கருத்து. தம்பி ஒருவன்தான் “போ அக்கா” என்கிறான்.

நீங்கள் கொழும்பில் தனிய இருந்தவர் என்று உங்கள் கட்டுரைகளில் வாசித்திருக்கிறேன். எங்கே போகட்டும்? ஸ்கூட்டியையும் கொண்டுபோவதா?

ச.

*

அன்புள்ள ச.,

கொழும்புக்குப் போங்கள். விடையைக் கடைசிக்கு வைத்தால் இடையில் உள்ளதை வாசிக்காமல் கீழே ஓடிவிடுவீர்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். ஸ்கூட்டியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். போடிங் வீடுகளில் (அறை அறையாக வாடகைக்கு விடும் வீடுகள்) அதை நிறுத்த இடம் கேட்டுச் சண்டை பிடிப்பது ஒரு தனி உத்தியோகம்.

உங்கள் அட்டவணையில் கூட்டல் பிழைத்திருக்காது. ஆனால் தூரம் என்ற நிரலில் கிட்ட இருக்கும் ஊருக்குக் கூடுதல் புள்ளி கொடுத்திருக்கிறீர்கள். ஒரு ஊரில் தனியாகப் போய் வாழப்போகிறவருக்கு அந்த நிரல் மறுபக்கமாக வேலை செய்யும்.

திருகோணமலையை எடுங்கள். என் சின்ன வயதில் அது வேறு உலகம். கரையோரமாகப் போவதென்றால் ஆறுகளுக்குப் பாதை ஏறி இறங்க வேண்டும் (வெளியூர் வாசகர்களுக்கு: ஆளையும் வாகனத்தையும் ஏற்றி ஆறு கடத்தும் மிதவையை இங்கே பாதை என்போம்). 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளத்துக்குக் கிண்ணியாப் பாலம் திறந்தது, மற்றப் பாலங்களும் வந்தன. இப்போது வெள்ளிக்கிழமை கந்தோர் முடிந்து வாகரை வழியாக பஸ் ஏறினால் இரவுச் சாப்பாட்டுக்கு மட்டக்களப்பில் நிற்கலாம். அங்கேதான் பிரச்சினை. மாகாண சபைக் கந்தோர்கள் திருகோணமலையில் இருப்பதால் எங்கள் ஊர்க்காரர் நிறையப் பேர் அங்கே வேலை செய்கிறார்கள். வெள்ளி பின்னேரம் தோளில் பை, திங்கள் விடியற்காலை பஸ். அந்த ஊரில் அவர்களுக்கு இருப்பது ஒரு கட்டிலும் அரை அலுமாரியும். பல வருடம் வேலை செய்த ஒருவரிடம் சனிக்கிழமைச் சந்தை எங்கே கூடும் என்று கேட்டேன், தெரியவில்லை. வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் காத்திருக்கிற மனிதருக்கு அது சரியான வாழ்க்கை. உங்களுக்கு? புது ஊரில் ஒரு ஆள் சிநேகிதம் பிடிப்பது சனி ஞாயிறில்தான். சந்தைக்குப் போய், கோயிலுக்கோ கடற்கரைக்கோ போய், பக்கத்து அறைப் பிள்ளையோடு சமைத்து. அந்த இரண்டு நாளையும் ஒவ்வொரு கிழமையும் களுவாஞ்சிகுடிக்குக் கொடுத்துவிட்டால், மாமிமாரின் கேள்விக்கு நேரில் நின்று பதில் சொல்வதும் அந்த இரண்டு நாளில்தான் நடக்கும். அப்படியானால் எதற்குப் போகிறீர்கள்?

கொழும்பு ஓர் இரவுத் தூரம். மட்டக்களப்பிலிருந்து வரும் இரவு ரயில் பொலன்னறுவை, கல்ஓயா, மாகோ என்று சுற்றி விடியக் கொழும்புக் கோட்டையில் இறக்கிவிடும். கல்முனைப் பக்கமிருந்து வரும் இரவு பஸ்களும் உண்டு. நினைத்த வெள்ளிக்கிழமையெல்லாம் வந்துவிட முடியாது. அப்பாவுக்கு நெஞ்சு நோ என்று ஒரு அழைப்பு வந்தால் மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாட்டில் நிற்கலாம். இந்த இரண்டும் சேர்ந்து கிடைக்கும் தூரம் உங்களுக்கு வேண்டும்.

யாழ்ப்பாணமும் ஓர் இரவுத் தூரம்தானே என்று கேட்பீர்கள். உண்மை. அந்த ஊரைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் யாழ்ப்பாணம் சொந்த வளவில் சொந்தக்காரரோடு வாழும் ஊர். அங்குள்ள திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தைச் சுற்றி அறைகள் உண்டு, அவை மாணவருக்கானவை. 27 வயதில், உழைக்கிற, கலியாணம் கட்டாத பெண் வந்து அறை கேட்டால் வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி யாருடைய பிள்ளை என்பதாக இருக்கும். கெட்ட எண்ணத்தில் கேட்கமாட்டார்கள். பதில் சொல்ல அங்கே உங்களுக்கு ஒரு சித்தப்பாவாவது வேண்டும். கொழும்பு வெள்ளவத்தையில் அந்தக் கேள்வியை அரை நிமிடத்தில் முடித்துவிட்டு அட்வான்ஸ் எவ்வளவு என்பதற்குப் போய்விடுவார்கள். ஊரை விட்டு வருபவருக்கு அறை கொடுப்பதை அங்கே தலைமுறை தலைமுறையாகத் தொழிலாகவே செய்கிறார்கள். அதில் பாசம் குறைவு. ஆனால் உங்களைப் போன்ற இன்னும் ஆறு பேர் அதே மாடியில் இருப்பார்கள்.

யாழ்ப்பாணத்தாரைப் பற்றிப் பேசும்போது அந்தப் பழைய பகிடியைச் சொல்லாமல் விட முடியாது. மட்டக்களப்புக்கு உத்தியோகம் பார்க்க வந்த யாழ்ப்பாண ஆண் ஊர் திரும்பாவிட்டால், பாயோடு ஒட்டவைத்துவிட்டார்கள் என்பார்கள். மந்திரமாம். மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் கட்டிய ஆண் அந்த வீட்டுக்கு வந்து இருக்கிறான். தாய்வழிக் குடி, தாய்வழி வீடு. வந்தவன் வந்த இடத்தில் இருந்தான், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டு அழுகைக்கும் இதில்தான் வேர் இருக்கிறது. எங்கள் வழக்கத்தில் ஊர் மாறுவது ஆணின் வேலை. உங்கள் தம்பி நாளைக்குக் கல்லாற்றிலோ கல்லடியிலோ ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு அவள் வீட்டில் போய் இருப்பான். அவனுக்கு எவரும் அட்டவணை போடமாட்டார்கள், அழவும் மாட்டார்கள். அவன் “போ அக்கா” என்று லேசாகச் சொல்வதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன், போகிறவனாகவே வளர்ந்தவன். நீங்களோ வீட்டின் தூண். அம்மா பயப்படுவது கொழும்புக்கு மட்டும் இல்லை. வரப்போகும் மாப்பிள்ளை வந்து குடியிருக்க வேண்டிய வீட்டில் பெண் இல்லாவிட்டால் முழு ஏற்பாடும் எப்படி நிற்கும் என்பது அவரது கணக்கு. அந்தக் கணக்கை முட்டாள்தனம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பெண்ணுக்குத் தலைக்கு மேல் கூரை உறுதி என்ற ஒன்றை எங்கள் சமூகம் வேறு பல சமூகங்களுக்கு முன்பே செய்து வைத்திருக்கிறது.

ஆகவே வீட்டை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கட்டட்டும். காணி உறுதியை உங்கள் பெயரில் எழுதட்டும். தேசவழமைச் சட்டம் வடக்குத் தமிழருக்குரியது. அதன்படி மணமான பெண் தன் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். மட்டக்களப்பார் அதில் சேரமாட்டோம், நாட்டின் பொதுச் சட்டம்தான் நமக்கு. நாளைக்குக் கலியாணம் கட்டினாலும் உங்கள் பெயரில் உள்ள வீடு உங்கள் கையெழுத்தில்தான் அசையும். அதுவரை வாடகைக்குக் கொடுங்கள். களுவாஞ்சிகுடியில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது, வெளியூரிலிருந்து மாற்றலாகி வரும் தாதிமாரும் வைத்தியர்களும் வீடு தேடுகிறார்கள். “பூட்டி வைக்கமாட்டோம் அம்மா, ஒரு நேர்ஸ் பிள்ளை இருக்கும், வாடகை உங்கள் கையில்” என்று சொல்லிப் பாருங்கள். அழுகை ஒரே நாளில் நிற்காது. ஆனால் பேச்சு சிமெந்து, வாடகை என்ற பக்கம் திரும்பும், அது நல்லது.

கொழும்பு என்றதும் வரும் அழுகை வேறு. அதற்கு ஒரு திகதியே இருக்கிறது. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் இருந்த 376 தமிழரைப் பொலிஸ் எழுப்பி பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பியது. மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. நான் அப்போது வெள்ளவத்தையில் போடிங்கில் இருந்தேன். அன்று வேலைக்குப் போகவில்லை, எங்கள் மாடியில் எவரும் போகவில்லை, ஐந்து பெண்கள் ஒரே அறையில் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தோம். எதற்கு வந்தாய், எப்போது போவாய் என்று பொலிஸ் பதிவில் கேட்ட காலம் அது. நீங்கள் அப்போது சின்னப் பிள்ளை. அம்மாவின் தலைமுறை ஊரை விட்டதெல்லாம் 1990 போரிலும் 2004 டிசம்பர் 26 சுனாமியிலும் அதற்குப் பிறகும், துரத்தப்பட்டு. விரும்பி ஒருவர் பெட்டி கட்டுவதை அவர் எங்கே பார்த்திருக்கிறார்? ஆகவே “இப்போது அப்படி இல்லை” என்று சொல்லி வாதாடாதீர்கள். ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். அறையைக் காட்டுங்கள், வீட்டுக்கார அம்மாவோடு பேசவிடுங்கள், பக்கத்தில் சைவக் கடையில் இடியப்பமும் சொதியும் வாங்கிக் கொடுங்கள். சொதி தண்ணி என்று குறை சொல்வார். குறை சொல்லத் தொடங்கினால் பாதிச் சம்மதம்.

அறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் அட்டவணையில் ஊர் இருக்கிறது, அறை இல்லை. தனிய இருப்பவர் வாழ்வது ஊரில் இல்லை, அறைக்கும் பஸ் தரிப்புக்கும் இடையில். முதல் வருடம் அனெக்ஸ் எடுக்காதீர்கள். தனிக் கதவு, தனிக் குசினி என்று ஆசையாக இருக்கும். பெரும்பாலும் ஆறு மாதம், ஒரு வருடம் என்று முற்பணம் கேட்பார்கள், பிடிக்காவிட்டால் காசும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். காய்ச்சலில் இரண்டு நாள் கதவு திறக்கவில்லை என்றால் தட்டவும் ஆளிராது. போடிங்கில் தட்டுவார்கள். தேவைக்கு மேலேயே தட்டுவார்கள்.

அறை பார்க்க ஞாயிறு பகலில் போகாதீர்கள், எல்லா அறையும் அப்போது நல்ல அறைதான். வேலைநாளில் இரவு ஏழரைக்குப் போங்கள். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் இறங்கி, அந்த ஒழுங்கைக்குள் தனிய நடந்து பாருங்கள். விளக்கு எரிகிறதா, எந்தக் கடை திறந்திருக்கிறது, திண்ணையில் யார் இருக்கிறார்கள். கேற் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், கந்தோரில் மாதக் கடைசிக் கணக்கு முடிய ஒன்பது ஆனால் திறப்பார்களா என்று கேளுங்கள். அறைத் திறப்பு வேறு யாரிடம் இருக்கிறது என்றும் கேளுங்கள், சிலர் முகம் மாறும், மாறினால் வந்துவிடுங்கள். குழாயைத் திறந்து பாருங்கள், மேல்மாடியில் தண்ணீர் காலையில் வருமா என்று அங்கிருக்கும் பிள்ளையிடம் தனியாக விசாரியுங்கள். கடற்கரைப் பக்க அறை என்றால் யன்னல் கம்பியைத் தடவிப் பாருங்கள். உப்புக் காற்றில் கம்பி மட்டுமில்லை, மடிகணினியின் ஆணியும் துருப்பிடிக்கும். வாய்க்கால் பக்க ஒழுங்கை என்றால் மழைக்கு வெள்ளம் எதுவரை வந்தது என்று சுவரே சொல்லும். தலைமையகம் கோட்டைப் பக்கமாக இருந்தால் வெள்ளவத்தை ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரத்தில் எடுங்கள். காலி வீதி நெரிசலில் பஸ் நிற்கும் நேரத்தில் ரயில் போய்ச் சேர்ந்துவிடும்.

வாடகை அதிகமாகத் தெரிந்தால் கொட்டாஞ்சேனை, தெகிவளை பாருங்கள். இன்னொன்று, வெள்ளவத்தையில் பிறந்ததிலிருந்து இறப்பதுவரை ஒரு சிங்கள வசனம் பேசாமல் இருந்துவிடலாம். அப்படி இருந்துவிடாதீர்கள். தமிழில் சமாளிக்கலாமா என்ற நிரலுக்கு நீங்கள் கொடுத்த புள்ளி என்னைக் கொஞ்சம் கவலைப்படுத்தியது. பஸ்ஸில் “பஹினவா” (இறங்குகிறேன்) என்று சத்தமாகச் சொல்ல வராமல் ஒரு தரிப்புத் தள்ளி இறங்கி நடந்த பிள்ளைகள் எங்கள் போடிங்கிலேயே இருந்தார்கள். மாலை வகுப்பில் சேருங்கள். தலைமையகத்தில் அடுத்த பதவி உயர்வும் அதில்தான் தங்கியிருக்கும்.

கடைசியாக, சம்மதம் சொல்லுமுன் இடமாற்றக் கடிதத்தில் காலம் எழுதச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு வருடம், அதற்குப் பிறகு வெற்றிடம் இருந்தால் மட்டக்களப்புக் கிளைக்கு முன்னுரிமை என்று. வாய்ச் சொல்லில் தருவார்கள், எழுத்தில் கேட்டால் மேலாளர் கொஞ்சம் இழுப்பார். இழுக்கட்டும். அவர்களுக்கு ஆள் தேவை, அதனால்தான் மூன்று ஊரில் ஒன்றை உங்களையே தெரிவுசெய்யச் சொன்னார்கள். கடிதம் கைக்கு வந்த பிறகு, வேலை தொடங்கும் திகதியை மாதத்தின் முதல் கிழமைக்கு மாற்றிக் கேளுங்கள். மாதத் தொடக்கத்தில்தான் அறைகள் காலியாகும்.

அன்புடன்,
அக்கா