உயரம் போதும், எடை வேண்டாம்

கேள்வி: காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். வீட்டுக்காரர் திருப்பூர் பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட். போன மாதம் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து இரண்டு செம்மறிகளைக் கடித்துப் போட்டுவிட்டன. காவலுக்குப் பெரிய நாயாக வாங்க நினைக்கிறோம். மகன் கிரேட் டேன், இல்லாவிட்டால் செயின்ட் பெர்னார்ட்தான் வேண்டும் என்று நிற்கிறான். தெரிந்தவர் ஒருவர் குறைந்த விலைக்குக் குட்டி தருகிறாராம். மாதம் 3,000 ரூபாய்க்கு மேல் ஒதுக்க முடியாது. எதை வாங்கலாம்?

பதில்: அம்மணி, குட்டியின் விலையை விடுங்கள். சும்மாவே கொடுத்தாலும் கிரேட் டேன் உங்களுக்குக் கட்டாது. நாய்ச் செலவு எடையைப் பிடித்துக்கொண்டு ஏறும். பூச்சி மாத்திரை பெரும்பாலும் 10 கிலோவுக்கு ஒன்று. 60 கிலோ நாய்க்கு ஒரு தடவைக்கே ஆறு. உண்ணி மருந்து, மயக்க மருந்து, ஆன்டிபயாடிக் எல்லாம் அதே கணக்குத்தான். 20 கிலோ தீனி மூட்டை ஒரு மாதம் தாங்காது. நல்ல கம்பெனித் தீனி என்றால் உங்கள் 3,000 அந்த மூட்டைக்கே பற்றாது.

நானும் ஒரு காலத்தில் டேன் வளர்த்தவன்தான். ஒருநாள் ராத்திரி சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிறு மத்தளம் மாதிரி உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்துக்கொண்டே நின்றது. இரைப்பை முறுக்கிக்கொண்டுவிட்டது. நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு வருகிற வினை இது. சில மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும். கோயமுத்தூர் போய்ச் சேர்வதற்குள் விடிந்துவிட்டது. அதற்கு மேல் எழுத மனசு வரவில்லை. இந்தக் கண்டத்துக்கெல்லாம் தப்பினாலும் டேனுக்கு ஆயுசு ஏழிலிருந்து பத்து வருஷம்தான்.

செயின்ட் பெர்னார்ட் ஆல்ப்ஸ் மலைக் கணவாயில், 2,400 மீட்டருக்கு மேலே, பனியில் வளர்ந்த சாதி. சித்திரை வெயிலில் ஓட்டுச் சாளையில் அதைக் கட்டிப்போடுவது பாவம்.

மகனுக்கு உயரம்தானே வேண்டும்? ராஜபாளையம் நாயைக் காட்டுங்கள். தோள்வரை 65 முதல் 75 சென்டிமீட்டர் நிற்கும். டேனுக்கும் அதற்கும் பெரும்பாலும் ஒரு சாண்கூட வித்தியாசம் வராது. எடை மட்டும் பாதிக்கும் கீழே. காவலுக்கு உயரமும் குரலும் போதும். உயரம் பெரிதில்லை என்றால் கோம்பையும் நல்ல காவல்காரன், செலவும் இன்னும் குறைவு. சிப்பிப்பாறை முயல் விரட்டப் பிறந்தது. கோழி மேயும் வாசலுக்கு நான் சொல்ல மாட்டேன்.

ராஜபாளையத்தில் ஒரு குறை உண்டு. வெள்ளை நிறத்தோடு சில குட்டிகளுக்குச் செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வரும். ஈற்றோடு இருக்கும்போது தெரியாது, கூடப்பிறந்தவை ஓடினால் அதுவும் ஓடும். தனியாகப் பிரித்து, முதுகுப் பக்கமாக நின்று சாவிக்கொத்தை ஆட்டுங்கள். தட்டைத் தரையில் போட்டுப் பார்க்காதீர்கள். அதிர்வு காலில் தெரிந்து திரும்பிவிடும். ஒரு காது மட்டும் செவிடாக இருந்தால் இதில் தெரியாது. தாயையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

தீனிக்கு மூட்டை வாங்க வேண்டியதில்லை. கோழிக்கடையில் இரைப்பையும் ஈரலும் மலிவாகக் கிடைக்கும். வேகவைத்து, ராகிக்களியோ சோறோ கலந்து, அவித்த முட்டை ஒன்று உடைத்துப் போடுங்கள். வெந்த எலும்பும் வெங்காயமும் கூடாது. வளரும் குட்டிக்குக் கால்சியம் எவ்வளவு என்று மட்டும் கால்நடை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பார்வோ என்கிற வாந்தி பேதி நோய் முதலானவற்றுக்கான தடுப்பூசியை ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்குங்கள். டாக்டர் சொல்லும் இடைவெளியில் அடுத்ததையும் விட்டுவிடாதீர்கள். மூன்றாம் மாதம் வெறிநாய்க்கடி ஊசி, அப்புறம் வருஷா வருஷம். உலக விலங்குவழி நோய்கள் தினமான ஜூலை 6-ஆம் தேதியையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் அதை இலவசமாகப் போடுவார்கள். பட்டியில் உண்ணி இருந்தால் நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வரலாம், ஆகவே ஆட்டையும் சேர்த்துப் பாருங்கள். மாதம் 2,000-க்குள் அடக்கி, மீதியைத் தபால் ஆபீஸில் போட்டுவையுங்கள். ஆபத்துக்கு அதுதான்.

இன்னொன்று. இவையெல்லாம் வேட்டைச் சாதி. உங்கள் செம்மறியை அதுவே கடிக்காமல் இருக்க, வந்த முதல் வாரத்திலிருந்து கயிறு போட்டுத் தினமும் பட்டிக்குள் கூட்டிப்போங்கள். கிடாய் ஒரு முட்டு முட்டினால் தடுக்க வேண்டாம், நாய்க்குட்டிக்கு அடிபடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அது வளர ஒரு வருஷமாவது ஆகும். அதுவரைக்கும் கிளுவை வேலியில் இருக்கிற சந்துகளையெல்லாம் முள் வெட்டிப் போட்டு அடைத்துவிடுங்கள்.