10 வருட சர்வீஸ் இல்லையென்றால் பென்ஷன் கிடையாதா?

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. ஆறு வருடமாக ஒரு கம்பெனியில் லேத் ஆபரேட்டர். சம்பளம் 18,000 ரூபாய், பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் பிடித்தார்கள். நான்கு மாதம் முன்பு பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. "10 வருடம் முடியாததால் பென்ஷன் வராது. ராஜினாமா கொடுத்துவிட்டு இருக்கிற பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு படிவத்தை நீட்டுகிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

பதில்: வேண்டாம், இப்போதைக்கு எதிலும் போடாதீர்கள்.

10 வருடக் கணக்கு வயதான பிறகு வாங்கும் பென்ஷனுக்கானது. வேலையில் இருக்கும்போதே நிரந்தரமாக முடங்கிப் போனவருக்கு, பி.எஃப்.-ஓடு சேர்ந்த 1995-ஆம் ஆண்டு தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின் 15-ஆவது பத்தியில் தனி வழி இருக்கிறது. ஒரே ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தால் போதும். கம்பெனிக்காரர்கள் வேண்டுமென்றே மறைக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பலருக்கு இந்தப் பத்தி இருப்பதே தெரியாது.

இதில் மருத்துவப் பரிசோதனை உண்டு. அங்கே கேள்வி, "இவரால் எந்த வேலையுமே செய்ய முடியாதா?" என்பது அல்ல. பாதிப்பு வந்தபோது பார்த்த அதே வேலைக்கு நிரந்தரமாக, முழுமையாகத் தகுதியிழந்துவிட்டாரா என்பதுதான். இடது கையால் போன் பேசுகிறார் என்பதற்காக லேத்தில் நிற்க முடியும் என்று ஆகிவிடாது. அதனால் டாக்டர் சான்றில் "வலது பக்கம் பலவீனம்" என்று மொட்டையாக இருக்கக் கூடாது. என்ன வேலை, அதற்கு இரண்டு கையும் ஏன் தேவை, இனி ஏன் முடியாது என்று விவரமாக எழுதி வாங்குங்கள்.

அவர்கள் நீட்டுவது அநேகமாக 10-சி படிவம். அதில் பென்ஷன் பணத்தை மொத்தமாக எடுத்துவிட்டால் திட்டத்தில் அவருடைய கணக்கு முடிந்துபோகும். உங்களுக்கு வேண்டியது மாதப் பென்ஷன் கேட்கும் 10-டி படிவம். முடக்கம் வேலையில் இருந்தபோது வந்தது என்று காட்ட வேண்டும்; ராஜினாமா முந்திக்கொண்டால் வீண் தகராறு.

சரி, எவ்வளவு வரும்? பென்ஷன் கணக்கில் சம்பள வரம்பு 15,000. அதை சர்வீஸ் வருடமான ஆறால் பெருக்கி, திட்டத்தின் கணக்குப்படி 70-ஆல் வகுத்தால் மாதம் சுமார் 1,285 ரூபாய். குடும்பம் நடத்த இது காணாது, எனக்கும் தெரியும். ஆனால் ஆயுள் முழுக்க வரும், அவருக்குப் பின் உங்களுக்குக் குடும்ப ஓய்வூதியமும் உண்டு.

உடனடிப் பணத்துக்கு இ.எஸ்.ஐ.யைப் பாருங்கள். முதல் 91 நாளுக்கு 70 சதவீதக் கூலி. அப்புறம் நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவியாக 80 சதவீதம். அந்த நோய்ப் பட்டியலில் பக்கவாதம் இருக்கிறது. தொடர்ந்து 2 வருடம் வேலை பார்த்து, நோய் வருவதற்கு முந்தைய நான்கு சந்தா காலங்களில் (ஒரு சந்தா காலம் என்பது ஆறு மாதம்) குறைந்தது 156 நாள் சந்தா இருந்தால் கேட்கலாம். நான்கு மாதம் ஓடிவிட்டது, இதுவரை கேட்கவில்லையென்றால் இந்த வாரமே மருத்துவச் சான்றுகளோடு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.