பாகுபாடு மனநோயைக் கொண்டுவருமா, இல்லை அது வெறும் சாக்கா?

கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: "பிறர் நம்மைத் தாழ்வாக நடத்துவதால் மனம் நோயாகும் என்பது உண்மையா, மனத்திடம் இல்லாதவர்கள் சொல்லும் சாக்கா? இதையே வாழ்நாள் வேலையாக ஆராய்ந்தவர் யாராவது உண்டா?"

உண்டு. எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஜேம்ஸ் எஸ். ஜாக்சன். அமெரிக்கக் கறுப்பினத்தவர், சமூக உளவியலாளர். 1971இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், 2020இல் காலமானார். இனவெறுப்பு மனிதரின் மனத்தையும் உடம்பையும் என்ன செய்கிறது என்பதுதான் அவருடைய முக்கியமான ஆராய்ச்சி.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது ஓர் இடைநிலைப்பள்ளியில் மாணவர்களுக்கு மனநல ஆலோசனை சொல்லும் கவுன்சிலர். படிக்கிற காலத்தில் ஜாக்சனின் பெயர் பாடத்தில் ஒரு வரியாகத்தான் வந்தது. அப்பா இறந்த பிறகுதான் அவர் எழுதியவற்றைத் தேடிப் படித்தேன்.

அவருக்கு முன்னால் கறுப்பினத்தவரின் மனநலம் பற்றிப் பேசிய கணக்கெடுப்புகள் பெரும்பாலும் அவர்களை வெள்ளையரோடு ஒப்பிட்டு, எதில் எவ்வளவு குறைச்சல் என்று சொல்வதோடு நின்றுவிட்டன. நம் நாட்டில் இந்தியர்களைப் பற்றி வரும் அறிக்கைகளைப் படித்தவர்களுக்கு இந்த முறை நன்றாகவே தெரியும். ஜாக்சன் அதை மாற்றினார். 1979–80இல் நாடு முழுவதிலிருந்தும் 2,107 கறுப்பினத்தவரைத் தேர்ந்தெடுத்து, யாரோடும் ஒப்பிடாமல் அவர்களைப் பற்றி அவர்களிடமே கேட்டார். கேள்விகளைத் தயாரித்துச் சோதித்துப் பார்க்கவே இரண்டு வருடம் செலவானது. வீடு தேடிப் போய்க் கேட்டவர்களும் கறுப்பினத்தவர்களே. அதே மக்களில் பலரை 1992 வரை மறுபடி மறுபடி தேடிப் போய்க் கேட்டார்கள்.

யார் கேட்கிறார்கள், எந்தச் சொல்லில் கேட்கிறார்கள் என்பதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று தோன்றலாம். நான் என் வீட்டிலேயே பார்த்தேன். 1997இல் டேவிட் வில்லியம்ஸ் என்பவரும் ஜாக்சனும் இன்னும் இருவரும் சேர்ந்து அன்றாடப் பாகுபாட்டை அளக்க ஒன்பது கேள்விகளை வெளியிட்டார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அதில் இனம், நிறம் என்ற பேச்சே முதலில் வராது. உங்களுக்கு மரியாதை குறைவாகக் கிடைக்கிறதா, கடையில் கவனிப்பு மோசமாக இருக்கிறதா, உங்களைப் புத்தியில்லாதவர் மாதிரி, நேர்மையில்லாதவர் மாதிரி நடத்துகிறார்களா என்று நடந்ததை மட்டும் கேட்கும். எத்தனை முறை நடக்கிறது என்று கேட்கும். காரணம் என்னவென்று நினைக்கிறீர்கள் என்பது கடைசியில்தான் வரும்.

ஒருநாள் சாயங்காலம் அம்மாவிடம், "உங்கள யாராச்சும் பாகுபாடா நடத்தியிருக்காங்களாம்மா?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, நமக்கு யாரு என்ன செஞ்சா?" என்று பாசிப்பயற்றைப் புடைத்துக்கொண்டே சொல்லிவிட்டார். அப்புறம் அந்த ஒன்பது கேள்விகளை ஒவ்வொன்றாகத் தமிழில் கேட்டேன். முறம் கீழே போனது. டவுனில் துணிக்கடைக்குப் போனால் கடைப்பெண் பின்னாலேயே வருவாளாம், கையைப் பார்த்துக்கொண்டே. ஓர் அலுவலகக் கவுண்டரில் அம்மா நல்ல மலாயில்தான் பேசியிருக்கிறார். உள்ளே இருந்தவர் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சத்தமாகத் திருப்பிச் சொல்லியிருக்கிறார். டவுனில் இருந்த நம் ஆட்களே ஒரு கல்யாணப் பந்தியில், "எஸ்டேட்டு ஆளுங்க அந்தப் பக்கம் உக்காருங்க" என்று கைகாட்டினார்களாம். அது நடந்து முப்பது வருடம் ஆகிறது. அன்றைக்கு என்ன சேலை கட்டியிருந்தார் என்பது வரைக்கும் அம்மாவுக்கு நினைவிருக்கிறது.

சரி, இது மனத்தை நோயாக்குமா? ஜாக்சன் தலைமையில் 2001 முதல் 2003 வரை இன்னொரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. அதன் மனச்சோர்வு பற்றிய முடிவு 2007இல் வந்தது. வாழ்நாளில் ஒரு முறையாவது கடும் மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் வெள்ளையரில் 17.9 விழுக்காடு, ஆப்பிரிக்க அமெரிக்கரில் 10.4 விழுக்காடுதான். இதை மட்டும் பார்த்தால், 'பார்த்தீர்களா, சாக்குத்தான்' என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஒருமுறை வந்துவிட்டால் அது விடாமல் நீடித்தவர்கள் வெள்ளையரில் 38.6 விழுக்காடு, ஆப்பிரிக்க அமெரிக்கரில் 56.5 விழுக்காடு. நோய் வந்த ஆப்பிரிக்க அமெரிக்கரில் பாதிப் பேருக்குக்கூடச் சிகிச்சை கிடைக்கவில்லை.

ஆக, அவ்வளவு அவமானத்தைச் சுமப்பவர்களுக்கு ஏன் மனச்சோர்வு குறைவாகத் தெரிகிறது? உடம்பு நோய்கள் மட்டும் ஏன் அதிகம்? ஜாக்சன் இந்த முடிச்சை வருடக்கணக்கில் விடவில்லை. 2010இல் இரண்டு சக ஆய்வாளர்களோடு சேர்ந்து ஒரு விளக்கம் தந்தார். ஓயாத நெருக்கடியில் உடம்பு கார்ட்டிசோல் போன்ற ஹார்மோன்களை இடைவிடாமல் சுரந்துகொண்டிருக்கும். சிகரெட், மது, கொழுப்பும் இனிப்பும் நிறைந்த தீனி ஆகியவை அந்தக் கொதிப்பைக் கொஞ்சநேரம் அடக்கும். வேறு வழி இல்லாத இடத்தில் வாழ்கிறவர் கைக்கெட்டியதை எடுத்துக்கொள்கிறார். மனம் அன்றைக்குத் தப்பிக்கிறது, கணக்கை உடம்பு பின்னால் கட்டுகிறது. பின்னால் வந்த ஆய்வுகளில் எல்லாமே இதை உறுதிப்படுத்தவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் அந்தக் கட்டுரையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்பா ரப்பர் பால்வெட்டுக்காரர். விடியுமுன்னே, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் நிற்பார். தோட்டம் கைமாறி, லயத்தை இடித்து, எங்களைத் தாமான் என்ற வீடமைப்புப் பகுதி வீட்டுக்கு அனுப்பியபோது அவருக்கு நாற்பத்தைந்து வயது. பால்வெட்டைத் தவிர வேறு தொழில் தெரியாது. ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை, அதாவது காவல் வேலை, கிடைத்தது. மகன் வயதுப் பையன்கள் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாமல் விசிலடித்துக் கூப்பிட்டதை ஒரே ஒருமுறை சொன்னார். மற்றபடி எதுவும் சொன்னதில்லை. சாயங்காலமானால் சம்சு என்ற மலிவுச் சாராயம். அப்புறம் இனிப்புநீர், அதாவது நீரிழிவு, வந்தது. முதலில் விரல், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அப்போதுகூட யாராவது விசாரித்தால், "மனசு நல்லாத்தான்யா இருக்கு, ஒடம்புதான் சரியில்ல" என்பார். ஐம்பத்தெட்டு வயதில் போய்விட்டார்.

அவர் குடித்ததை நியாயப்படுத்த இதை எழுதவில்லை. அந்தக் குடியின் அடியை வாங்கியது அம்மா. ஆனால் எங்கள் உறவில் எல்லோரும் அப்பாவைப் பற்றி ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: திடமில்லாதவர். நீங்கள் கேள்வியில் எழுதியிருக்கும் அதே வார்த்தை. இருட்டில் எழுந்து முப்பது வருடம் பால்மரம் வெட்டியவரை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் எதைச் சுமந்துகொண்டு இருந்தார் என்று ஒருவரும் அவருக்குப் புரிகிற சொல்லில் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் வரலாறு வேறு, நம்முடையது வேறு. அவர்களின் விழுக்காட்டை எடுத்து நம் தாமானில் ஒட்ட முடியாது. நான் எடுத்துக்கொண்டது கேட்கும் முறையை. முன்பெல்லாம் என் அறைக்கு வரும் பிள்ளைகளிடம், "மன அழுத்தம் இருக்கா?" என்று மலாய்ப் படிவத்தில் உள்ளபடியே கேட்பேன். "இல்ல டீச்சர்" என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இப்போது, "இந்த வாரம் உன்னை யாராச்சும் ஒண்ணும் தெரியாதவன் மாதிரி நடத்துனாங்களா?" என்று தமிழில் கேட்கிறேன். போன மாதம் நான்காம் படிவத்துப் பையன் ஒருவன் இதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தான். ஓய்வு மணி அடித்தது, அடுத்த பாடத்துக்கும் மணி அடித்தது. நான் அவனுடைய ஆசிரியருக்குச் சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.